காணாமல் போன விண்கலத்தை எப்படித் தேடுகிறார்கள்?

விண்வெளிக் கதைகளில் காணாமல் போன கப்பலைத் தேடிப் போகிறவர்கள் இருட்டுக்குள் வட்டமடிப்பார்கள். ஒவ்வொரு மூலையாகத் துழாவி அலுத்துப்போன நேரத்தில் திரையின் ஓரத்தில் ஒரு புள்ளி மினுங்கும். கடலில் தொலைந்த படகைத் தேடும் முறையை அப்படியே மேலே கொண்டுபோன கற்பனை அது. கடலில் காற்றும் நீரோட்டமும் படகை இழுத்துக்கொண்டு போகும். இரண்டு நாள் கழிந்தால் அது எந்தப் பக்கம் ஒதுங்கியது என்றே சொல்ல முடியாது. விண்வெளியில் அந்தத் தொல்லை இல்லை. கடைசியாகப் பேசிய நொடியில் கலம் எங்கே இருந்தது, எந்தத் திசையில் என்ன வேகத்தில் போனது என்று தெரிந்தால், அடுத்த மாதம் எங்கே இருக்கும் என்பதை இன்றைக்கே கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம்.

எண்களை வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். கலத்தின் வேகத்தைக் கணித்ததில் நொடிக்கு 1 மீட்டர் பிழை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அன்றாட விண்வெளிப் பணியில் இது மிகப் பெரிய பிழை. பல நூறு மடங்கு துல்லியமாகத்தான் அளக்கிறார்கள். இருந்தாலும் இருக்கட்டும். ஒரு நாளில் அந்தப் பிழை 86.4 கி.மீ. ஆகும். ஒரு மாதத்தில் சுமார் 2,600 கி.மீ., ஒரு வருடத்தில் சுமார் 31,500 கி.மீ. இப்போது பூமியிலிருந்து 70 மீட்டர் விட்டமுள்ள ஆன்டெனா ஒன்றை அந்தத் திசையில் திருப்புகிறோம். 3.6 செ.மீ. அலைநீளத்தில் அதன் ரேடியோக் கற்றை, 10 கோடி கி.மீ. தொலைவை எட்டும்போது சுமார் 60,000 கி.மீ. அகலத்துக்கு விரிந்திருக்கும். அதாவது ஒரு வருடமாகச் சேர்ந்த பிழைகூடக் கிட்டத்தட்ட ஆன்டெனாவின் ஒரே பார்வைக்குள் அடங்கிவிடுகிறது. வழியில் ஏதாவது கோளை ஒட்டிப் போனாலோ, எரிபொருள் கசிந்து கலத்தைத் தள்ளினாலோ மட்டும்தான் இந்தக் கணக்கு கெடும்.

அப்படியானால் எது தொலைகிறது? பெரும்பாலும் பேச்சுதான் தொலைகிறது. கலம் இருக்கும் இடத்தில் இருக்கிறது, ஆனால் பதில் சொல்ல அதனிடம் மின்சாரம் இல்லை. அல்லது ஆன்டெனா வேறு பக்கம் திரும்பிவிட்டது. அல்லது குளிரில் அதன் ரேடியோவின் அலைவரிசை நகர்ந்துவிட்டது, நாம் கூப்பிடுவது அதன் காதில் விழவில்லை. ஆகவே தேடுகிறவர்கள் முதலில் கேட்பது "எப்போது அதற்கு உயிர் வரும்?" என்றுதான்.

இதற்குச் சோஹோ விண்கலத்தைவிட நல்ல பாடம் கிடையாது. ஐரோப்பிய விண்வெளி முகமையும் நாசாவும் சேர்ந்து 1995 டிசம்பரில் ஏவிய சூரிய ஆய்வுக்கலம் அது. பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கி.மீ. தள்ளி நிற்கிறது. 1998 ஜூன் 25 அன்று அது ஊமையானது. காரணம் விண்கல்லும் இல்லை, சூரியப் புயலும் இல்லை. வழக்கமான ஜைரோ சரிபார்ப்பு வேலையில் நேர்ந்த கட்டளைப் பிழை.

கலம் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்று சொல்லும் கருவிதான் ஜைரோ. சோஹோவில் மூன்று இருந்தன. அன்று ஒரு ஜைரோ, இருக்கும் சுழற்சியை 20 மடங்காகக் காட்டும் அமைப்பில் விடப்பட்டிருந்தது. கலம் பயந்து அவசர நிலைக்குப் போனது. அந்த அவசர நிலை நம்பியிருந்ததோ இன்னொரு ஜைரோவை. மாற்றி எழுதப்பட்ட கட்டளைத் தொடரில் ஒரு வரி விட்டுப்போனதால் அது நிறுத்தப்பட்டே கிடந்தது. ஓடாத ஜைரோ சொன்ன சிறு பிழையான அளவை உண்மையான சுழற்சி என்று எடுத்துக்கொண்ட கணினி, அதை நிறுத்துவதற்காக உந்துபொறிகளை இயக்கியது. இல்லாத சுழற்சியை அடக்கப் போய் இருக்கும் சுழற்சியை ஏற்றிவிட்டது. முதல் ஜைரோவின் 20 மடங்கு அமைப்பை அதற்குள் சரிசெய்திருந்தார்கள். ஆனால் தரையில் இருந்தவர்கள் இரண்டு ஜைரோக்களும் ஒன்றுக்கொன்று முரண்படுவதைப் பார்த்து, இப்போது சரியாகச் சொல்லிக்கொண்டிருந்த அதையே பழுது என்று முடிவுகட்டி அணைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் சூரியத் தகடுகள் சூரியனுக்கு விளிம்பைக் காட்டியபடி கலம் சுழல, மின்சாரம் போய்விட்டது.

இந்த இடத்தில்தான் நல்ல தேடலின் அழகு தெரிகிறது. சுழலும் பொருளின் அச்சு விண்வெளியில் ஒரே திசையைப் பார்த்தபடி நிற்கும். கலமோ பூமியோடு சேர்ந்து சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆக, இன்று விளிம்பில் மட்டும் வெயில் படும் தகட்டின் முகத்தில் வாரத்துக்கு வாரம் வெயில் ஏறும். மூன்று மாதத்தில் கால் சுற்று முடிந்திருக்கும்போது நேராகவே படும். அதற்குள் ஒருநாள் கலம் தானாகக் கண் விழிக்கும். காத்திருந்தவர்கள் சும்மா காத்திருக்கவில்லை. ஆன்டெனாக்கள் தொடர்ந்து அந்தத் திசையில் கட்டளைகளை அனுப்பிக்கொண்டே இருந்தன, எந்த நொடியில் விழித்தாலும் காதில் விழ வேண்டுமே!

ஜூலை 23 அன்று ரேடார் கைகொடுத்தது. போர்ட்டோரிக்கோவில் இருந்த 305 மீட்டர் அரெசிபோ ஆன்டெனா சோஹோவை நோக்கி அலைகளை வீசியது. கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனில் உள்ள 70 மீட்டர் ஆன்டெனா எதிரொலியைப் பிடித்தது. கணக்கிட்ட இடத்திலேயே கலம் இருந்தது. 53 நொடிக்கு ஒரு சுற்று என்ற நிதானமான வேகத்தில் சுழல்வதும் தெரிந்தது. வேகமாகச் சுழன்றிருந்தால் தகடுகள் பிய்ந்துபோயிருக்கும். இந்த வேகத்தில் அந்தப் பயம் இல்லை. ரேடாருக்கு இவ்வளவு பெரிய ஆன்டெனா ஏன் என்றால், ரேடியோ பேச்சு ஒருவழிப் பயணம், ரேடார் போய்த் திரும்ப வேண்டும். தொலைவு இரட்டித்தால் பேச்சின் வலு நாலில் ஒன்றாகும். எதிரொலியின் வலு பதினாறில் ஒன்றாகிவிடும். அரெசிபோ 2020 டிசம்பரில் இடிந்து விழுந்தது. அந்த அளவு கூர்மையான ரேடார் கண் இன்று பூமியில் இல்லை என்பது பெரிய இழப்புதான்.

ஆகஸ்ட் 3 அன்று ஆஸ்திரேலியாவின் கான்பெரா நிலையத்துக்குச் சோஹோவின் குரல் கேட்டது. செய்தி எதுவும் இல்லாத வெறும் சுமப்பலை, ஒவ்வொரு தடவையும் 2 முதல் 10 நொடி வரை. தகடு வெயிலுக்குத் திரும்பும் நேரத்தில் உயிர் வந்து, நிழலுக்குத் திரும்பியதும் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சில நொடிகளுக்குள் நுழைகிற மாதிரி கட்டளைகளைச் சுருக்கி, முதலில் பேட்டரியை மட்டும் ஏற்றச் சொன்னார்கள். ஆகஸ்ட் 8 அன்று, கலத்தின் நிலையைச் சொல்லும் தொலையளவுத் தரவு முதல்முறையாக வந்தது. அடுத்த சிக்கல் எரிபொருள்: தொட்டியில் இருந்த ஹைட்ரசின் உறைந்திருந்தது. ஹைட்ரசின் சுமார் 2 டிகிரி செல்சியஸிலேயே உறையும். உறையும்போது தண்ணீர் விரியும், இதுவோ சுருங்கும். சுருங்கிய இடத்தில் புதுத் திரவம் வந்து நிரம்பிவிட்டால், உருகும்போது விரிய இடமில்லாமல் குழாய் வெடிக்கும். ஆகவே முதலில் தொட்டி, அப்புறம் குழாய்கள் என்று பகுதி பகுதியாக, கிடைத்த மின்சாரத்துக்குள் ஹீட்டரைப் போட்டு, வாரக்கணக்கில் உருக்கினார்கள். செப்டம்பர் 16 அன்று சோஹோவின் முகம் மறுபடி சூரியனைப் பார்த்தது. கருவிகள் மைனஸ் 120 டிகிரிக்குக் கீழும் 100 டிகிரிக்கு மேலும் போய்வந்திருந்தன. அத்தனையும் வேலை செய்தன. ஜைரோக்கள் மட்டும் ஒவ்வொன்றாகச் செத்தன. 1999 தொடக்கத்தில் ஜைரோவே இல்லாமல் ஓடும் மென்பொருளை எழுதி ஏற்றினார்கள்.

இதே நோய் வேறொரு கலத்தில் வந்து கைமீறியும் போயிருக்கிறது. சூரியனின் மறுபக்கத்தைப் பார்க்க நாசா அனுப்பிய இரட்டைக் கலங்களில் ஒன்று ஸ்டீரியோ-பி. 72 மணி நேரம் கட்டளை வராவிட்டால் தானாக மறுதொடக்கம் செய்துகொள்ளும் ஏற்பாட்டை 2014 அக்டோபர் 1 அன்று சோதித்தபோது தொடர்பு அறுந்தது. அங்கேயும் சுழற்சி அளக்கும் கருவி பொய் சொல்ல, கணினி அதை நம்பியது. 22 மாதம் கழித்து, 2016 ஆகஸ்ட் 21 அன்று குரல் கேட்டது. ஆனால் கலத்தின் பேட்டரியை ஏற்றி, உறைந்த எரிபொருளை உருக்கி, சுழற்சியை நிறுத்துவதற்குள் செப்டம்பர் 23 அன்று மறுபடி போய்விட்டது. 2018 அக்டோபரில் தேடலை நிறுத்தினார்கள். சோஹோவுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தொலைவு: இது சூரியனுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

பேசவே முடியாத கலத்தைத் தேடுவது இன்னொரு வகை. 2008 அக்டோபர் 22 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய சந்திரயான்-1, 2009 ஆகஸ்ட் 29 அதிகாலை பேச்சை நிறுத்தியது. அது ஏறத்தாழ 1.5 மீட்டர் பக்கமுள்ள பெட்டி, ஆட்டோவைவிடச் சின்னது. நிலவின் ஒளிவெள்ளத்தில் தொலைநோக்கியால் அதைப் பார்க்க முடியாது. நிலவின் ஈர்ப்பு வேறு எல்லா இடத்திலும் ஒரே சீராக இருப்பதில்லை. தரைக்கடியில் அடர்த்தியான பாறைத் திட்டுகள் இருக்கும் இடங்களில் கலத்தை இழுத்துப் பாதையை மாற்றிக்கொண்டே இருக்கும். ஏழு வருடம் யாரும் கவனிக்காத கலம் தன் பாதையில் எந்தப் புள்ளியில் இருக்கிறது என்பதை யாரும் சொல்ல முடியாது.

ஆனால் பாதையின் சாய்வு மாறாது. சந்திரயான்-1 துருவங்கள் வழியாகச் சுற்றிய கலம். தேர் எந்த வீதியில் நிற்கிறது என்று தெரியாவிட்டாலும் நிலைக்கு வந்துதானே ஆக வேண்டும்? ஒவ்வொரு சுற்றிலும் அது வடதுருவத்தைக் கடந்தே தீரும். 2016 ஜூலையில் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தார் கோல்ட்ஸ்டோனிலிருந்து வடதுருவத்துக்கு 160 கி.மீ. மேலே ரேடார் கற்றையை நிறுத்திவைத்தார்கள். கேட்பதற்கு மேற்கு வர்ஜீனியாவின் 100 மீட்டர் கிரீன் பேங்க் ஆன்டெனா. நான்கு மணி நேரத்தில் இரண்டு தடவை ஏதோ கடந்தது. சந்திரயான்-1 நிலவை ஒரு தடவை சுற்ற 2 மணி 8 நிமிடம் ஆகும். இடைவெளி அதனோடு பொருந்தியது. பழைய கணக்கில் அது இருந்திருக்க வேண்டிய இடத்துக்கும் இருந்த இடத்துக்கும் கிட்டத்தட்ட அரைச் சுற்று வித்தியாசம். பாதையின் வடிவமும் சாய்வும் மட்டும் எதிர்பார்த்தபடியே இருந்தன.

தரையில் விழுந்த கலத்தைத் தேடுவதுதான் கதைகளில் வரும் தேடலுக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. அங்கேயும் கண்ணைவிடப் பொறுமைக்குத்தான் வேலை. 2019 செப்டம்பர் 7 அதிகாலை சந்திரயான்-2இன் விக்ரம் என்ற தரையிறங்கு கலம் நிலவில் இறங்கும்போதே தொடர்பை இழந்தது. பத்து நாள் கழித்து நாசாவின் நிலவு ஆய்வுக்கலம் அந்தப் பகுதியைப் படமெடுத்தது. அப்போது அங்கே சூரியன் தொடுவானத்தோடு ஒட்டியிருந்தது, வெயில் கிட்டத்தட்டப் படுக்கையாகவே விழுந்தது. ஒவ்வொரு மேட்டுக்கும் நீண்ட நிழல், அந்த நிழல்களுக்குள் எதுவும் ஒளிந்துகொள்ளும். நாசா படத்தைப் பொதுவில் வெளியிட, சென்னையில் இருந்த பொறியாளர் சண்முக சுப்ரமணியன் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். அவர் கண்டது ஒரே ஒரு வெளிச்சப் பிக்சல். அந்தப் படத்தில் ஒரு பிக்சல் என்பது தரையில் 1.3 மீட்டர்.

ஒரு பிக்சலை எதை வைத்து நம்புவது? பழைய படத்தில் இல்லாதது புதிதில் இருப்பது முதல் சான்று. கேமராவின் இரைச்சலும் ஒரு பிக்சலை வெளிச்சமாக்கலாம், ஆகவே அடுத்தடுத்த படங்களிலும் அதே இடத்தில் அது தெரிய வேண்டும். அக்டோபரிலும், 0.7 மீட்டர் பிக்சல் அளவில் நவம்பர் 11 அன்றும், சூரியன் உயர்ந்திருந்தபோது எடுத்த படங்களில் அது உறுதியானது. மோதிய பள்ளம், அதிலிருந்து கிளம்பிய கீற்று, சிதறல்கள் எல்லாம் தெரிந்தன. பெரிய துண்டுகள் மூன்றும் ஒவ்வொன்றும் 2-க்கு 2 பிக்சல், நிழல் ஒரு பிக்சல். சண்முகம் கண்ட துண்டு மோதிய இடத்திலிருந்து வடமேற்கே சுமார் 750 மீட்டர் தள்ளிக் கிடந்தது. நாசா டிசம்பரில் அவர் பெயரைச் சொல்லி அறிவித்தது. வால்மீன் 67பி-யில் 2014 நவம்பரில் துள்ளி விழுந்து பாறை இடுக்கில் மாட்டிய ஐரோப்பியத் தரையிறங்கு கலம் ஃபிலேவும் இப்படித்தான். ரேடியோ அளவீடுகளால் தேடுமிடத்தைச் சில பத்து மீட்டருக்குள் சுருக்கிக்கொண்டு காத்திருந்து, 2016 செப்டம்பர் 2 அன்று 2.7 கி.மீ. உயரத்திலிருந்து அதன் தாய்க்கலம் ரொசெட்டா எடுத்த படத்தில் கண்டார்கள்.

இனி கதைக்கு வருவோம். தொலைந்த கப்பலில் ஆட்கள் இருக்கிறார்கள். வெளியிலிருந்து அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி வெப்பம். உள்ளே செலவாகும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் வெப்பமாக வெளியேறியே ஆக வேண்டும். 20 டிகிரியில் இருக்கும் ரேடியேட்டர் தகடு சதுர மீட்டருக்குச் சுமார் 400 வாட் அகச்சிவப்பை வீசும். பூமிக்குப் பக்கத்தில் இது உதவாது. இங்கே செத்த கப்பலைக்கூட வெயில் 5 டிகிரிக்குச் சூடாக்கி வைத்திருக்கும், இரண்டையும் பிரித்தறிவது கஷ்டம். வியாழனின் தொலைவில் செத்த கப்பல் மைனஸ் 150 டிகிரிக்கு இறங்கிவிடும், சதுர மீட்டருக்கு 13 வாட்கூட வராது. அங்கே உயிருள்ள கப்பல் முப்பது மடங்கு பளிச்சென்று தெரியும். வெளிக்கோள்களின் பக்கம் யாரும் ஒளிந்துகொள்ள முடியாது என்பதை எழுதுகிறவர்கள் மனதில் வைத்தால் கதை வலுப்படும்.

பக்கத்தில் போன பிறகு என்ன ஆகும் என்பதற்கு நிஜமான சாட்சி உண்டு. சோவியத் யூனியனின் சல்யூட்-7 நிலையம் 1985 பிப்ரவரியில், ஆள் இல்லாதபோது, பேச்சிழந்தது. ரேடார் நிலையங்கள் அதன் பாதையைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தன. ஆனால் சோயூஸ் கலம் தானாகப் போய் இணைய, நிலையமும் பதில் அலை அனுப்ப வேண்டும். அது அனுப்பவில்லை. ஜூன் 6 அன்று விளாதிமிர் ஜானிபெகோவும் விக்டர் சவினிக்கும் சோயூஸ் டி-13இல் கிளம்பினார்கள். மூன்றாவது இருக்கையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கூடுதல் பொருள் ஏற்றியிருந்தார்கள். கடைசிக் கட்டத்தில் ஜன்னல் வழியே கையடக்க லேசர் தூரமானியைப் பிடித்து, தூரத்தையும் நெருங்கும் வேகத்தையும் அளந்து, கையால் ஓட்டி ஜூன் 8 அன்று இணைத்தார்கள். நெருங்கும்போதே நிலையத்தின் சூரியத் தகடுகள் ஒரே திசையைப் பார்க்காததைக் கண்டு, உள்ளே மின்சாரம் இல்லை என்று புரிந்துகொண்டார்கள்.

இது மெதுவாக அசைந்த நிலையம், அதனால் முடிந்தது. சோஹோ வேகத்தில், அதாவது 53 நொடிக்கு ஒரு சுற்றாக, 60 மீட்டர் நீளக் கப்பல் குறுக்காகச் சுழன்றால் அதன் நுனி நொடிக்கு மூன்றரை மீட்டர் வேகத்தில் வீசும். ஓடுகிற ஆளின் வேகம் அது. நுனியைப் பிடிக்கப் போனால் தூக்கி எறியும். சுழல் அச்சின் வழியாக மட்டும்தான் அணுக முடியும், அதுவும் தன் கலத்தை அதே வேகத்தில் சுழற்றிக்கொண்டு.

சல்யூட்டின் கதவைத் திறப்பதற்கு முன் உள்ளே காற்று இருக்கிறதா என்று அளந்தார்கள். இருந்தது, உறைபனிக் குளிரில். ஜானிபெகோவ் சுவரில் துப்பிய எச்சில் சில நொடிகளில் உறைந்தது. கம்பளித் தொப்பியும் தடித்த கோட்டுமாக வேலை பார்த்தார்கள். காற்றாடிகள் ஓடாததால் மூச்சில் விட்ட கரியமில வாயு முகத்தைச் சுற்றியே தேங்கியது; தலைவலி வந்தது, ஒருவர் வேலை செய்ய மற்றவர் கவனிக்க வேண்டியிருந்தது. பழுதின் வேர் மிகச் சின்னது: பேட்டரி நிறைந்துவிட்டது என்று தவறாகச் சொன்ன ஒரு சென்சார். அதை நம்பி நிலையம் பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தை வெட்டிக்கொண்டே இருந்தது. தரையிலிருந்து திருத்தலாம் என்றால் ரேடியோவும் போயிருந்தது. இருவரும் கேபிள்களைக் கையால் முறுக்கிச் சூரியத் தகடுகளைப் பேட்டரிகளோடு நேரடியாக இணைத்தார்கள். பிறகு சோயூஸின் உந்துபொறிகளைக் கொண்டு முழு நிலையத்தையும் வெயிலுக்குத் திருப்பினார்கள்.

வெப்பம் வந்ததும் அடுத்த ஆபத்து தண்ணீர். சுவர்களிலும் பேனல்களுக்குப் பின்னாலும் படிந்திருந்த பனி உருகிக் கசியத் தொடங்கியது; மின்கம்பிகள் நனைந்தால் பட்ட பாடெல்லாம் வீண். எல்லா ஹீட்டரையும் ஒரேயடியாகப் போடாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாக்கி, கையில் கிடைத்த துணியால் ஒற்றி எடுத்தார்கள். தொட்டித் தண்ணீர் உருக ஜூன் மாதம் முழுக்க ஆனது. காற்றின் ஈரப்பதம் ஜூலை இறுதியில்தான் இயல்புக்கு வந்தது.